தண்ணீர் பில்லும் தலைக்கணக்கும்

1

ஊரில் இருக்கிற உங்களுக்கு லண்டனிலிருந்து யாராவது எழுதினால் பனியைப் பற்றியோ, பாதாள ரயிலைப் பற்றியோ, பிள்ளைகள் தமிழ் மறப்பதைப் பற்றியோ எழுதுவார்கள். நான் தண்ணீர் பில்லைப் பற்றி எழுதப்போகிறேன். இங்கே கோயிலில் கண்டால் புதுக் கார் வாங்கியதைச் சொல்வார்கள், பில் கட்ட முடியாமல் இருப்பதை ஒருவரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். எனக்கு அந்த வெட்கம் அவ்வளவாக இல்லை. கல்யாணத்துக்கு முன் நான் இருந்த கொழும்புக் கொட்டாஞ்சேனை வீட்டில் தண்ணீர் நிலுவை என்பது வீட்டோடு இருந்த இன்னொரு ஆள்.

நடந்தது இதுதான். என் கணவருக்கு முழங்காலில் ஒப்பரேஷன். சூப்பர்மார்க்கெட்டில் இரவு வேலை செய்கிறவர், மாதக்கணக்கில் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிறார். என் சம்பளத்தில் வீட்டுக்கடன் போக மிஞ்சியது சாப்பாட்டுக்குச் சரி. தண்ணீர் பில் வரும்போதெல்லாம் அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டேன். மூடினால் போய்விடும் என்று எனக்கு ஒரு எண்ணம். கடைசியாக வந்தது சிவப்பு எழுத்தில் வந்தது. அதை மகள் மதுரா கண்டுபிடித்துவிட்டாள்.

மதுரா தமிழ் எழுத மாட்டாள், ஆனால் இந்த நாட்டுக் கடிதங்கள் எல்லாவற்றையும் அவள்தான் வாசிப்பாள். "அம்மா, இதுக்கு ஹெல்ப் இருக்கு. கேட்டாத் தருவாங்கள். நீங்கள் கேக்கேல்லை, அவ்வளவுதான்" என்றாள். வருமானம் குறைந்த வீட்டுக்கும், ஆட்கள் கூடின வீட்டுக்கும் பில்லைக் குறைத்து, நிலுவையைச் சின்னச் சின்னத் தவணையாக்கித் தருவார்களாம். அவளே நம்பரை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

தண்ணீர்க் கம்பனியில் பேசிய பெண் நல்ல பிள்ளை. என் பெயரை இரண்டு தரம் பிழையாகச் சொல்லி இரண்டு தரமும் மன்னிப்புக் கேட்டாள். வருமானம், இவருடைய முழங்கால், வீட்டுக்கடன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பிறகு அவள் சாதாரணமாகக் கேட்டாள், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று.

"டூ" என்றேன்.

மதுரா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், இவர், மதுரா, குளியலறைக்குள் போனால் வெளியே வராத மகன், இவருடைய அக்கா யோகேஸ்வரி மச்சாள். மச்சாள் புருஷன் செத்தபிறகு முறையாக விசா எடுத்து வந்து, நிரந்தரமாக இருக்கிறவர், கையில் பஸ் பாஸ் வைத்திருப்பவர். ஒளிப்பதற்கு ஒரு ஆளும் இல்லை. ஆனாலும் என் வாய் என்னைக் கேட்காமல் இரண்டு என்றது.

போனில் இருந்த பெண் கொஞ்சம் யோசித்தாள். இரண்டு பேருக்கு இது மிக அதிகமான தண்ணீர், நிலத்துக்கு அடியில் எங்கேயோ குழாய் ஒழுகுகிறது போல, பார்ப்பதற்கு ஒருவரை அனுப்புகிறேன், அதற்குப் பிறகு உதவியைப் பற்றிக் கதைப்போம் என்றாள். ஒழுக்கு என்று அவள் சொன்னதும் நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். போனை வைத்த பிறகும் சிரித்தேன். மதுரா, அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தகப்பனைக் கூப்பிட்டாள்.

2

யுத்தகாலம். கொட்டாஞ்சேனையில் ஜிந்துப்பிட்டிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பழைய வீடு. வீட்டுக்காரர் வத்தளையில் இருந்தார். வீட்டை மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார். முன்பக்கம் அம்மாவும் நானும். அப்பா செத்தபிறகு யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்கள். நான் புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில் டைப் அடித்தேன். நடுவில் ரொசலின் அன்ரி, கொச்சிக்கடையில் பிறந்து வளர்ந்தவர், புருஷன் துறைமுகத்தில் வேலை. பின்பக்கம் மாரிமுத்து அண்ணனும் செல்லம்மா அக்காவும், ஹற்றன் தோட்டத்திலிருந்து வந்து புடவைக்கடை வேலையில் நின்றவர்கள். மூன்று வீட்டுக்கும் பின்முற்றத்தில் ஒரு குழாய், ஒரு சீமெந்துத் தொட்டி, ஒரு மீட்டர், ஒரு பில்.

வீட்டுக்காரர் ஆதியில் ஒரு முறை வைத்திருந்தார். தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. மாத முடிவில் ரொசலின் அன்ரி மூன்று வாசலிலும் நின்று எத்தனை தலை என்று கேட்டு, காசை வாங்கி, தண்ணீர்க் கந்தோரில் கட்டிவிட்டு வருவார். ஆறு தலைக்குச் சேரும் காசில் ஆறு பேருடைய தண்ணீர் ஓடும்வரை இது அழகாக நடந்தது.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் வடக்கிலிருந்து, வெளிநாடு போவதற்காக. ஏஜென்சிக்காரன் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிக்க, அம்மாவின் சொந்தம், சொந்தத்தின் சொந்தம் என்று பாயில் பாயாக விரிந்தது. ரொசலின் அன்ரி பக்கம் மன்னாரில் இருந்து இடம்பெயர்ந்த தங்கை குடும்பம். செல்லம்மா அக்கா பக்கம் தோட்டத்திலிருந்து வேலை தேடி வந்த கொழுந்தன்மார். வெளியூரில் இருந்து வந்து தங்குகிற தமிழர் பொலிசில் பதியவேண்டும். பதிந்தாலும் அது கொஞ்ச நாளைக்குத்தான். நாள் முடிந்துவிடும், பயணம் சரிவராது, ஆள் பாயிலேயே இருப்பார். ஆகவே எங்கள் ஒழுங்கையில் வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலை வைத்திருந்தார்கள். உள்ளதைவிடக் குறைவாகச் சொல்வது.

அந்தப் பதில் பொலிசுக்கு மட்டும் என்று ஒருவரும் பிரித்து வைக்கவில்லை. பழகின வாய் பழகினதைச் சொல்லும். ரொசலின் அன்ரி கொப்பியோடு வந்து நிற்பார். அம்மா தனக்குப் பின்னால் படுத்திருக்கும் நாலு பொடியன்களையும், குழந்தையோடு இருக்கும் தேவி அக்காவையும் கதவால் மறைத்துக்கொண்டு, "நானும் பிள்ளையும்தானே அன்ரி, ரெண்டு" என்பார். செல்லம்மா அக்கா, "நாங்க ரெண்டு பேருதாங்களே" என்பார். ரொசலின் அன்ரியும் தன் தங்கையின் பிள்ளைகள் முற்றத்தில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருக்க, தனக்கும் புருஷனுக்கும் இரண்டு என்று எழுதுவார். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஒருவரையொருவர் குற்றம் சொல்ல ஒருவருக்கும் முகம் இல்லை. தண்ணீர் மட்டும் பொய் சொல்லவில்லை. மீட்டர் ஓடியது, ஆறு தலைக் காசு போதவில்லை, மிச்சம் அடுத்த பில்லில் ஏறியது.

3

சிவப்புத் துண்டு வந்த அன்று ரொசலின் அன்ரி அதை மூன்று வாசலிலும் காட்டினார். மொத்தமாகக் கட்டாவிட்டால் தண்ணீர் வெட்டுவார்கள். வெட்டினால் தெருக்குழாய்தான் கதி. தெருக்குழாய் சந்தியில் இருந்தது, சந்தியில் ஆமிக் காவல் அரண் இருந்தது. பதிவுக் காலம் முடிந்துபோன பொடியன்கள் வாளியோடு அங்கே போய் நிற்க முடியாது. அவர்களை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் அத்தனை பேருக்கும், அதுவும் தேவி அக்காவின் கைக்குழந்தையின் துணிகளுக்கும் சேர்த்து, தண்ணீர் சுமந்தால் இரண்டு பேருக்கு இவ்வளவு வாளியா என்று அரணில் நிற்கிறவன் கேட்கமாட்டானா? எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவுக்கும் பயம், ஆனால் அவருக்குப் பயம் வந்தால் சேலையை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

கந்தோருக்கு அம்மா, ரொசலின் அன்ரி, நான் மூன்று பேரும் போனோம். ரொசலின் அன்ரி நல்ல சிங்களம் கதைப்பார். தவணையாகக் கட்ட விடும்படி கேட்டார். அங்கிருந்த நோனா, ஒரு சிங்களப் பெண்மணி, பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்றார். ரொசலின் அன்ரி கண் வெட்டாமல் ஆறு பேர் என்றார்.

நோனா பில்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஆறு பேர் இவ்வளவு தண்ணீர் பாவிக்க முடியாது, குழாய் ஒழுகுகிறது, பாவம் நீங்கள் வீணாகக் கட்டுகிறீர்கள் என்றார். எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து, வருகிற செவ்வாய்க்கிழமை வீட்டைப் பார்ப்பதற்கு ஒரு ஆளை அனுப்ப எழுதிவிட்டார். ஒழுக்கு இருந்தால் பில்லில் கழித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் வந்து பார்த்தவர் எழுதுவதை வைத்துத் தவணை. உதவி கேட்கப் போன நாங்கள் அரசாங்க ஆள் ஒருவரை வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்டு வந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே வீட்டை வெறுமையாக்கினோம். செவ்வாய் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் விசேஷம் என்பதால் கூட்டம் நிறைய இருக்கும். பொடியன்கள் நாலு பேரையும் ஒன்றாக அனுப்பாமல், இரண்டு பேரை அந்தோனியார் கோயிலுக்கும் மற்ற இரண்டு பேரை ஜிந்துப்பிட்டி முருகனிடமும் அனுப்பினார் அம்மா. மன்னார்க் குடும்பம் வெள்ளவத்தையில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது. கொழுந்தன்மார் வேலை தேடும் சாட்டில் கிளம்பினார்கள். தேவி அக்கா குழந்தையோடு பக்கத்து ஒழுங்கையில் ஒரு டீச்சர் வீட்டில் இருந்தார். பாய்களைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். வாசலில் கிடந்த செருப்புகளைச் சாக்கில் கட்டினோம். அம்மா அறை அறையாக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, "இப்ப ஆரும் வரலாம்" என்றார்.

வந்தவர் நடுத்தர வயது சிங்களவர். கையில் குடை, பையில் சாவி, குழந்தை முகம். மீட்டருக்கு முன்னால் குந்தி இருந்துகொண்டு குழாயை மூடச் சொன்னார். மீட்டர் முள் அசையவில்லை. குழாய்களைத் தட்டிப் பார்த்தார், தொட்டியைச் சுற்றி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஒழுக்கு எங்கும் இல்லை. நிமிர்ந்தவர் எங்களுக்குப் பின்னால் பார்த்தபடி நின்றார். நானும் திரும்பிப் பார்த்தேன்.

முதல்நாள் முழுக்க மழை. அதனால் செவ்வாய் விடிய எழும்பி எல்லா உடுப்பையும் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தோம். முற்றத்தின் இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர்வரை சாரம், சேர்ட், துவாய், பள்ளிக்கூடச் சட்டை, பாவாடை, குழந்தைத் துணி. ஆட்களை ஒளித்தோம், பாயை ஒளித்தோம், செருப்பை ஒளித்தோம். உடுப்பை மறந்துவிட்டோம். அம்மா உள்ளே போய்ப் பாலில்லாத பிளேன்ரீ கொண்டுவந்து நீட்டினார்.

அவர் வாங்கிக் குடித்தார். குழந்தைத் துணியைப் பார்த்து, எத்தனை மாதம் என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். இரண்டு மாதம் என்றார் அம்மா. வீட்டில் குழந்தை இருப்பதாக நாங்கள் கந்தோரில் சொல்லவில்லை. அவர் கோப்பையைத் தொட்டிக் கட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்க வீட்டிலயும் இப்ப நிறைய ஆள். என்ட நோனா, பொஞ்சாதி, அவட ஊர் எல்லைப் பக்கம், ராவைக்கு இருக்கப் பயம். எல்லாரும் கொழும்புக்கு வந்தது. எங்களுக்கும் பில் கூடிப் போச்சு."

பிறகு ரொசலின் அன்ரியிடம் சிங்களத்தில் மளமளவென்று ஏதோ சொல்லி, தன் தாளில் எழுதினார். ஒழுக்கு இல்லை, கைக்குழந்தை இருக்கிறது, தவணை கொடுக்கலாம் என்று எழுதியிருப்பதாக ரொசலின் அன்ரி எங்களுக்குச் சொன்னார். ஆறு பேர் என்று இருந்ததை அவர் தொடவில்லை. வாசல் படலையடியில் குடையை விரித்துக்கொண்டு அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, துணி எல்லாம் ஒரே நாளைக்குப் போட வேணாம். மிச்சம் பேர் என்னை மாதிரி இல்ல."

பின்னேரம் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அம்மா வாசலில் நின்று உள்ளே வருகிறவர்களை எண்ணினார், வாய்விட்டு அல்ல. பொடியன்களில் பாஸ்கரனைக் காணவில்லை. கோயிலில் இருந்து வரும் வழியில் ஆமிக்காரர் அவனை மறித்துவிட்டார்களாம். அம்மா முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு மறுபடி வாசலுக்கு வந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் கையில் அந்தோனியார் படம் ஒன்றோடு வந்தான். அந்தப் படத்தைப் பார்த்த சிப்பாய் தானும் செவ்வாய்க்குச் செவ்வாய் கும்பிடுகிறவன் என்று சொல்லி விட்டுவிட்டானாம். பாஸ்கரன் சைவப் பொடியன். படத்தைச் சும்மா கையில் இருக்கட்டும் என்றுதான் வாங்கியிருக்கிறான். அம்மா அவனுக்குச் சோற்றைப் போட்டார்.

4

தவணை கிடைத்துவிட்டது, ஆனால் தவணைக்கும் காசு வேண்டும். தலைக்கணக்குக் கேட்டால் மறுபடியும் ஆறுதான் வரும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அவர் ஒரு பால்மா டின் மூடியில் காசு போட வாய் வெட்டி, தொட்டிக் கட்டில் வைத்தார். ஒரு பக்கம் பாஸ்கரன் கொண்டுவந்த அந்தோனியார், மறுபக்கம் எங்கள் முருகன். ரொசலின் அன்ரியையும் செல்லம்மா அக்காவையும் கூப்பிட்டுச் சொன்னார்:

"இனி ஆரும் ஆரையும் எண்ண வேண்டாம். குளிக்கிற ஆள் போடட்டும்."

அவ்வளவுதான். அயல்வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே இரண்டு பேர் என்று சொல்ல முடிந்தவர்களுக்கு, இரண்டு சாமி பார்த்துக்கொண்டிருக்கச் சும்மா குளிக்க முடியவில்லை. செல்லம்மா அக்காவின் கொழுந்தன் ஒருநாள் சில்லறை போட்டுவிட்டு, தலையில் ரெண்டு வாளி ஊற்றியவன், ஈரக் கையோடு போய் இன்னும் கொஞ்சம் போட்டதை நானே பார்த்தேன். பயணம் சரிவந்து போகிறவர்கள் போகும் நாளில் கொஞ்சம் கூடவே போடுவார்கள். தேவி அக்கா சுவிஸ் போன அன்று கையில் மிச்சமிருந்த இலங்கைக் காசு எல்லாவற்றையும் டின்னுக்குள் திணித்துவிட்டு, குழந்தையின் வாளியையும் விட்டுவிட்டுப் போனார்.

டின்னைத் திறக்கும்போது மூன்று வீடும் தொட்டியடியில் நிற்கும். ரொசலின் அன்ரி எண்ணுவார். யார் எவ்வளவு போட்டது என்று ஒருவரும் கேட்கமாட்டோம். அந்த வருட மழைக்கு முன்னால் நிலுவை முடிந்தது. வத்தளையில் இருந்து வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் குழாயடியில் இரண்டு சாமியும் உண்டியலும் இருப்பதைக் கண்டு, என் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இவ்வளவு பக்தி என்று மகிழ்ந்து, தானும் ஒரு நோட்டைப் போட்டார். அதை நாங்கள் நெடுநாள் சொல்லிச் சிரித்தோம். யுத்தகாலத்தில் சிரித்தீர்களா என்று இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். சிரித்தோம். அந்த முற்றத்தில் எனக்குச் சந்தோஷமான நாட்கள் இருந்தன, அதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

அம்மா அந்த மனிதர் சொன்ன சொல்லை மட்டும் விடவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கொடியில் எல்லோருடைய உடுப்பும் ஒரே நாளில் காயவில்லை. நான் கல்யாணம் கட்டி லண்டன் வந்த பிறகும் காயவில்லை. இன்றைக்கு ஆண்களின் உடுப்பு, நாளைக்குப் பெண்களின் உடுப்பு, மிச்சம் அறைக்குள் ஹீட்டரின் மேல். வெயில் எறிக்கிற நாளிலும் வீட்டுக்குள் ஈர மணம். ஏன் என்று இவர் கேட்டால், அப்படித்தான் என்பேன். யோசித்துப் பார்த்தால் எனக்கே அதன் காரணம் மறந்துபோயிருந்தது, போன வாரம் வரை.

5

எல்லாவற்றையும் கேட்ட மதுரா சிரிக்கவில்லை. "சரி அம்மா. ஆனா இங்க கனபேர் எண்டு சொன்னாத்தான் கூட ஹெல்ப். நாளைக்கு அவங்களுக்குச் சரியாச் சொல்லுங்கோ" என்றாள். ஒழுக்குப் பார்க்க ஆள் வருவதற்கு முதலே சொல்லவேண்டும் என்பது எனக்கும் தெரிந்தது. இன்னொரு மீட்டர்காரருக்கு பிளேன்ரீ கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

அடுத்த நாள் போனில் வேறொரு பெண். நேற்று நான் இரண்டு பேர் என்று சொன்னேன், அது பிழை, நாங்கள் ஐந்து பேர் என்றேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவள் கேட்டாள். கோபமில்லை, எழுதுவதற்காகக் கேட்டாள். கொட்டாஞ்சேனையை அவளுக்கு எங்கிருந்து தொடங்குவது? பழைய பழக்கம் என்றேன். ஓகே என்று எழுதிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். யோகேஸ்வரி என்பதை எழுத்து எழுத்தாகச் சொல்ல, மச்சாள் பக்கத்துக் கதிரையில் தன் பெயர் அரசாங்கத்துக்குப் போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இருக்கிறார்களா என்று கடைசியில் கேட்டாள். இல்லை, எல்லோரையும் சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லி முடிந்ததும் எனக்கு அழுகை வந்தது. மதுரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பில் குறைந்தது. நிலுவை மாதத்துக்குக் கொஞ்சமாகப் பிரிந்தது. இவர் கால் ஆறி வேலைக்குப் போகும்வரை சமாளிக்கலாம். ஒழுக்குப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். தோய்த்த உடுப்புக் கூடையோடு மச்சாள் பின்கதவடியில் நின்று, வழக்கம்போல, "இண்டைக்கு ஆரின்ரை உடுப்பைப் போடுறது?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் போடுங்கோ மச்சாள்" என்றேன்.

இடம் போதாமல் மதுரா இன்னொரு கயிறு கட்டினாள். இவருடைய சாரம், மகனின் பந்தடிக் காற்சட்டைகள், மதுராவின் ஜீன்ஸ், மச்சாளின் வெள்ளைச் சேலை, என் நைட்டி எல்லாம் வேலியின் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம்வரை. அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, வீடு நிறைய ஆட்கள் போல என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம், அஞ்சு பேர்" என்றேன்.

தமிழில் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. உடுப்புக் கிளிப்போடு இருந்த கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். அவரும் கையை உயர்த்திக் காட்டினார்.